ஆயுத பூஜை விடுமுறையில் விண்டோஸ் 11: ஒரு சிவகாசி அச்சகத்தின் ஐந்து நாள்

சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆடிப்பெருக்கிலிருந்து மார்கழி வரை மூச்சுவிட நேரம் இருக்காது. ஆடி பதினெட்டுக்குப் புது ஆல்பம் வெளியாகும், ஆர்டர் வரத் தொடங்கும், அப்புறம் டிசம்பர் கடைசி வரை மெஷின் நிற்காது. அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் கை வைக்க யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிவதாக இருந்தது. சித்திரை, வைகாசியில் கை ஓய்ந்திருந்தபோது செய்திருக்க வேண்டிய வேலை. தள்ளித் தள்ளிப் போய் ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்து நின்றது.

பணம் கட்டியோ வேறு வழியிலோ ஓராண்டு நீட்டிப்பு வாங்கி 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம் என்ற வழியும் இருந்தது. முதலாளி அண்ணாச்சி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில் ஒருநாள் காலை எல்லா ஃபைலும் பூட்டிக்கொண்டு, பணம் கேட்டு ஓர் அறிவிப்பு மட்டும் திரையில் நின்றதை அவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். "நம்ம பழைய மேட்டர் போச்சுன்னா திரும்ப யாரு தம்பி உக்காந்து அடிச்சுத் தருவா?" என்றார். அந்தக் கேள்வியின் முழு எடையும் எனக்கு அடுத்த ஐந்து நாளில்தான் தெரிந்தது.

முதலில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினேன். மொத்தம் ஆறு சிஸ்டம். வரவேற்பில் இருப்பது ஜூன் மாதம் வாங்கியது, விண்டோஸ் 11 ஹோம் போட்டே வந்தது. கணக்கு சிஸ்டம் பத்தாம் தலைமுறை ஐ3. டிசைன் சிஸ்டம் எட்டாம் தலைமுறை ஐ7. டைப்பிங்குக்கு இரண்டு, இரண்டுமே நான்காம் தலைமுறை. அதில் ஒன்று, காலண்டர் மேட்டர் அடிக்கும் அக்கா உட்காருவது, 32-பிட் விண்டோஸ் 10. கடைசியாக, எல்லா ஃபைலையும் வைத்திருக்கும் ஒரு பழைய விண்டோஸ் 7 பெட்டி.

விண்டோஸ் 11 கேட்பது இவை: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி, டி.பி.எம். 2.0 (சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான நிரலைக் கொண்டு மட்டும் சிஸ்டம் எழும்படி செய்யும் ஏற்பாடு), 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். பிசி ஹெல்த் செக் என்ற சிறு நிரலை ஓட்டினால் எது இடிக்கிறது என்று அதுவே சொல்லும். டைப்பிங் சிஸ்டம் இரண்டும் தேறவில்லை. ரூஃபஸ் என்ற நிரல் மூலம் பென் டிரைவ் தயாரித்து இந்தச் சோதனைகளைத் தாண்டிப் போடலாம், செய்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்படிப் போட்ட சிஸ்டத்துக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் கிடையாது. அப்டேட்டுக்காகத்தானே இந்த மாற்றமே? வீட்டு சிஸ்டம் என்றால் செய்து பார்த்திருப்பேன். பத்துப் பேர் சம்பளம் நம்பியிருக்கும் இடத்தில் வேண்டாம் என்று முடிவு செய்து, எட்டாம் தலைமுறை ஐ5 உள்ள பழைய சிறு பெட்டிகள் இரண்டு வாங்கினோம். இரண்டிலும் விண்டோஸ் 11 ப்ரோ, 24எச்2 பதிப்பு.

செப்டம்பர் 28, ஞாயிறு. டிசைன் சிஸ்டத்தில் தொடங்கினேன். செயலி சரி, ராம் சரி, ஆனால் டி.பி.எம். இல்லை என்று காட்டியது. இல்லாமல் இல்லை. இன்டெல் போர்டுகளில் அது உள்ளேயே சேர்ந்து வருகிறது, பயாஸில் (சிஸ்டம் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) பி.டி.டி. என்ற பெயரில் அணைந்து கிடக்கும். அதை எழுப்பிவிட்டேன். செக்யூர் பூட்தான் சிக்கல். 2018ல் போட்டவர் பழைய லெகசி முறையில் விண்டோஸ் போட்டிருந்தார், டிஸ்கைப் பகுதி பிரிக்கும் பழைய முறையான எம்.பி.ஆர். அமைப்பில் டிஸ்க் இருந்தது. செக்யூர் பூட் வேண்டுமென்றால் டிஸ்க் புது முறையான ஜி.பி.டி. ஆக வேண்டும், பயாஸ் லெகசியை விட்டு யு.இ.எஃப்.ஐ. என்ற புது முறைக்கு வர வேண்டும்.

ஃபார்மேட் போடாமலே மாற்ற விண்டோஸுக்குள்ளேயே எம்.பி.ஆர்.டு.ஜி.பி.டி. என்ற கருவி இருக்கிறது. முதலில் சரிபார்க்க மட்டும் சொல்லி ஓட்டினேன், முடியாது என்றது. காரணம் எளிது. எங்கள் டிஸ்கில் நான்கு முதன்மைப் பகுதிகள் இருந்தன, கருவிக்கோ புதிதாக ஒரு பகுதி உருவாக்க இடம் வேண்டும், ஆகவே மூன்றுக்கு மேல் இருந்தால் ஒத்துக்கொள்ளாது. ஈ டிரைவில் இருந்த படங்களை எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்குக்கு மாற்றி, சரியாக வந்திருக்கிறதா என்று பத்துப் பதினைந்து ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, ஈ டிரைவை அழித்தேன். மறுபடி ஓட்டினேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மாறிவிட்டது. அப்புறம்தான் பயாஸில் போய் யு.இ.எஃப்.ஐ., செக்யூர் பூட் இரண்டையும் போட வேண்டும். இந்த வரிசை முக்கியம். முதலில் பயாஸை மாற்றிவிட்டால் சிஸ்டம் எழும்பாது, பயந்துபோய் ஃபார்மேட் போட்டுவிடுவோம்.

பிறகு விண்டோஸ் 11 மேலேயே ஏறியது. இப்படி ஏற்றினால் பத்து நாளுக்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். சீசன் நேரத்தில் பத்து நாள் போதாது என்று தோன்றியது. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்ம் என்ற கருவியின் கட்டளை ஒன்று அந்தக் கெடுவை 60 நாள் வரை நீட்டுகிறது, அந்தப் பத்து நாளுக்குள்ளேயே கொடுத்துவிட வேண்டும். ஏறிய அன்றே கொடுத்துவைத்தேன். டிசைன் சிஸ்டத்தில் இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

அக்காவின் சிஸ்டம்தான் உண்மையான வேலை.

அக்கா பதினெட்டு வருடமாக எங்கள் தினசரி காலண்டர் மேட்டரைப் பார்க்கிறார். ஒரு வருடத்துக்கு 365 தாள். ஒவ்வொன்றிலும் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, ஹிஜ்ரி தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சந்திராஷ்டமம். எல்லாம் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7.0ல். 2001ல் வெளிவந்த அதுதான் அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோட் அதற்குத் தெரியாது, ஆகவே பழைய எழுத்துருக்களில்தான் தமிழ். மாற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பதினெட்டு வருட ஃபைல், ஒவ்வொரு தாளிலும் கட்டம் கட்டமாக அமைத்த அளவு, இரண்டு மில்லிமீட்டர் தள்ளினால் பக்கத்துக் கட்டத்தில் ஏறிவிடும். ஒரு வார இறுதியில் மாற்றுகிற விஷயம் இல்லை அது.

பழைய சிஸ்டம் 32-பிட் என்று சொன்னேன் அல்லவா? விண்டோஸ் 11ல் 32-பிட் பதிப்பே கிடையாது. 32லிருந்து 64க்கு மேலேயே ஏற்றவும் முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். அதோடு 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரல்கள் ஓடாது. அக்கா பயன்படுத்தும் கீபோர்டு மென்பொருள் தொண்ணூறுகளின் கடைசியில் வாங்கியது, பழைய டைப்ரைட்டர் விசைப்பலகை. அதன் சிடியைப் போட்டதும், இந்த ஆப் உங்கள் கம்ப்யூட்டரில் இயங்காது என்று வந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். டைப்ரைட்டிங் ஹையர் முடித்த விரல்கள் அவருடையவை. தமிழ்99 விசைப்பலகைக்கு மாறுங்கள் என்று சீசன் நடுவில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய சிஸ்டத்தில் அந்த மென்பொருளின் ஃபோல்டரைத் திறந்து பார்த்தபோது ஒன்று புரிந்தது. சிடியில் இருக்கும் நிறுவும் நிரல் மட்டுமே 16-பிட். நிறுவிய பிறகு உள்ளே ஓடுவது 32-பிட். அப்படியானால் நிறுவ வேண்டியதே இல்லை, ஃபோல்டரை அப்படியே கொண்டுவந்தால் போதும். கொண்டுவந்தேன். ஒரு டி.எல்.எல். ஃபைல் காணவில்லை என்றது. பழைய சிஸ்டத்தின் சிஸ்டம்32 ஃபோல்டரில் அது இருந்தது. அதே பெயருள்ள ஃபோல்டரில் இங்கே போட்டேன், வேலை செய்யவில்லை. 64-பிட் விண்டோஸில் பெயர் தலைகீழாக இருக்கிறது: சிஸ்டம்32 என்பது 64-பிட் ஃபைல்களுக்கு, 32-பிட் ஃபைல்கள் சிஸ்வாவ்64ல் போக வேண்டும். அங்கே போட்டதும் ஓடியது.

நோட்பேடில் தமிழ் வந்தது. பேஜ்மேக்கரில் வரவில்லை! அடித்தால் ஆங்கில எழுத்துதான் விழுந்தது. இதில் ஒன்றரை மணி நேரம் போனது. கடைசியில் பார்த்தால், பழைய மென்பொருள் ஆயிற்றே என்று பேஜ்மேக்கரை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும்படி நான்தான் அமைத்திருந்தேன். கீபோர்டு மென்பொருள் சாதாரணப் பயனராக ஓடிக்கொண்டிருந்தது. கீழ் அதிகாரத்தில் ஓடும் நிரல் மேல் அதிகாரத்தில் ஓடும் நிரலின் விசைகளைத் தொட விண்டோஸ் விடாது. பாதுகாப்புக்கு அது சரியான ஏற்பாடுதான். பேஜ்மேக்கரின் அட்மினிஸ்ட்ரேட்டர் டிக்கை எடுத்தேன், இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்தன, தமிழ் வந்தது.

அடுத்து ஃபான்ட். பழைய சிஸ்டத்தின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்ததோடு, டி டிரைவில் யாரோ சேர்த்து வைத்திருந்த ஃபான்ட் கலெக்ஷன் என்ற ஃபோல்டரையும் பென் டிரைவில் எடுத்து வந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் இன்ஸ்டால் கொடுத்தேன். வேர்டில் எல்லாம் தெரிந்தன. எங்கள் பேஜ்மேக்கரில் ஒன்றுகூட இல்லை. 2018ன் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்தே, வெறுமனே இன்ஸ்டால் கொடுத்தால் ஃபான்ட் அந்தப் பயனரின் ஃபோல்டருக்கு மட்டும் போகிறது, விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குப் போவதில்லை. எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு என்பதைக் கொடுக்க வேண்டும். எடுத்துவிட்டு மறுபடி போட்டேன், பேஜ்மேக்கரில் வரிசையாக வந்தன. காலண்டர் ஃபைலின் நகல் ஒன்றைத் திறந்தேன். தாள்கள் அச்சு அசலாக இருந்தன. இரவு பத்தரை மணி. முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கள், செவ்வாய் பழைய சிஸ்டங்களிலேயே வேலை ஓடியது. அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை. ஆஃப்செட் மெஷின், கட்டிங் மெஷின், எல்லா சிஸ்டத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்தோம். பூஜை போட்டபின் அன்று எதையும் தொடுவதில்லை. விஜயதசமி அன்று காலை நல்ல நேரம் பார்த்து அக்கா புது சிஸ்டத்தில் உட்கார்ந்தார். முதல் வேலையாக 2026 ஜனவரித் தாள்களைத் திறந்து மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தார். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வா. இது என்ன எழுத்து?"

அஷ்டமி என்று இருக்க வேண்டிய இடத்தில் 'அஹ்டமி' என்று இருந்தது.

நான் ஞாயிறு இரவு அதே தாளைப் பார்த்திருந்தேன். என் கண்ணில் படவில்லை. ஜனவரி சரியாக இருந்தது, ராகு காலம் சரியாக இருந்தது, நட்சத்திரம் சரியாக இருந்தது. 'ஷ்' மட்டும் 'ஹ்' ஆகியிருந்தது. அதாவது சஷ்டி, அஷ்டமி, சந்திராஷ்டமம், கிருஷ்ண ஜயந்தி. சந்திராஷ்டமம் தினமும் வருகிற சொல். சஷ்டியும் அஷ்டமியும் வளர்பிறையில் ஒரு தடவை, தேய்பிறையில் ஒரு தடவை. அஷ்டமியில் நல்ல காரியம் தொடங்கமாட்டார்கள், சஷ்டிக்கு விரதம் இருப்பார்கள். ஆணியில் மாட்டிய காலண்டரை வீட்டில் பெரியவர்கள் காலையில் கிழிக்கும்போது கண் முதலில் போகிற இடமே அதுதான். அந்தத் தாள்கள் அன்று பிளேட்டுக்குப் போயிருந்தால் எத்தனை ஆயிரம் கட்டு அப்படியே அச்சாகியிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

காரணத்தைச் சொல்ல இந்தப் பழைய எழுத்துருக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று சொல்ல வேண்டும். அவற்றில் மொத்தம் 256 இடங்கள்தான். ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்திருப்பார்கள். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று வர வேண்டுமானால் ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அடிக்க வேண்டும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஃபைலில் இருப்பது அந்த ஐந்து குறிகள்தான், அது தமிழ் என்றே அதற்குத் தெரியாது. எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்பது ஒவ்வொரு எழுத்துருக்காரருக்கும் ஒவ்வொரு விதம். இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. ஆனால் அதற்கு முன்பே அச்சகங்களில் மலை மலையாக ஃபைல்கள் சேர்ந்துவிட்டன, அவை அப்படியே தொடர்ந்தன.

எங்களுக்கு நடந்தது இன்னும் நுணுக்கமானது. ஒரே பெயரில் ஒரே எழுத்துருவின் இரண்டு பதிப்புகள் இருந்தன. ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்தது பழையது, அக்கா இத்தனை வருடம் பயன்படுத்தியது. டி டிரைவின் கலெக்ஷன் ஃபோல்டரில் இருந்தது பிந்தையது. பிந்தையதில் உயிர், மெய், உயிர்மெய் எல்லாம் அதே இடத்தில்தான். கிரந்த எழுத்துகளில் இரண்டை மட்டும் இடம் மாற்றியிருக்கிறார்கள். நான் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டபோது பிந்தையது பழையதன் மேல் உட்கார்ந்துவிட்டது. எழுத்துரு காணவில்லை என்றால் பேஜ்மேக்கர் பேனோஸ் என்ற ஒரு பெட்டியைத் திறந்து எதற்குப் பதில் எது என்று கேட்கும். பெயர் ஒன்றாக இருந்ததால் இங்கே அதுவும் கேட்கவில்லை, சத்தமில்லாமல் திறந்துவிட்டது.

அன்று பகல் முழுக்க இதற்கே போனது. போட்ட தமிழ் எழுத்துருக்கள் அனைத்தையும் எடுத்தேன். சர்வீசஸில் போய் விண்டோஸ் ஃபான்ட் கேஷ் சர்வீஸை நிறுத்தி, அதன் கேஷ் ஃபைல்களை அழித்து, சிஸ்டத்தை அணைத்து எழுப்பினேன். பழைய சிஸ்டத்தின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் ரோபோகாப்பி கட்டளையால் எடுத்தேன். எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபோல்டர் ஃபைல்களை உள்ளபடி காட்டாமல் குடும்பம் குடும்பமாகத் தொகுத்துக் காட்டும், எதை எடுத்தோம் எதை விட்டோம் என்று தெரியாது. கட்டளை வழியாக எடுத்தால் ஃபைல் பெயர், அளவு, தேதி எல்லாம் அப்படியே வரும். வந்த ஒவ்வொரு ஃபைலின் அளவையும் பழையதோடு ஒப்பிட்டேன். மொத்தம் 41 தமிழ் எழுத்துருக்கள்.

சரிபார்க்க அக்கா ஒரு வழி சொன்னார். ஒரே தாளைப் பழைய சிஸ்டத்தில் ஒன்று, புது சிஸ்டத்தில் ஒன்று என்று பிரிண்ட் எடுத்து, பாசிட்டிவ் ஒட்டுகிற காலத்து லைட் டேபிளில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தோம். எழுத்து மாறினால் நிழல் போலத் தெரியும், வரி நகர்ந்தால் இரட்டையாகத் தெரியும். மாதத்துக்கு நான்கு தாள், அதில் சஷ்டியும் அஷ்டமியும் கட்டாயம். 48 தாள் பார்த்தோம். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி நின்றன. அதற்கப்புறம்தான் அக்கா டீ குடிக்க எழுந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் வேறு விதமாக ஒன்று வந்தது. அதே ஃபைலைத் திறந்ததும் பிரிண்டர் மாறியிருக்கிறது என்று பேஜ்மேக்கர் கேட்டது. சில கட்டங்களில் கடைசிச் சொல் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது. பேஜ்மேக்கர் எந்தப் பிரிண்டருக்கு என்று பார்த்துத்தான் வரிகளை அமைக்கும். எங்கள் ஃபைல்கள் போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டருக்கு அமைத்தவை. விண்டோஸில் இயல்பாகவே போட்டிருக்கும் ஓர் அமைப்பு, கடைசியாக எதில் அச்சிட்டோமோ அதையே இயல்புப் பிரிண்டராக்கிவிடும். முந்தின நாள் மாலை அக்கா ஒரு டெலிவரி சீட்டை டாட் மேட்ரிக்ஸில் எடுத்திருந்தார். காரணம் அவ்வளவுதான். அமைப்புகளில் பிரிண்டர் பகுதிக்குப் போய் அதை அணைத்து, போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரை நிலையாக வைத்தோம். பழைய மென்பொருள் ஓட்டுகிற எந்த அச்சகத்திலும் விண்டோஸ் போட்டதும் முதலில் அணைக்க வேண்டியது இதுதான் என்பேன்.

மற்ற சிஸ்டங்களில் நடந்தவை சின்னவை. ஆனால் ஒவ்வொன்றும் அரை நாளைத் தின்றது.

விண்டோஸ் 7 பெட்டியின் ஷேர் ஃபோல்டர் புது சிஸ்டங்களில் திறக்கவே இல்லை. பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் அணுகலைத் தடுக்கிறது என்ற பொருளில் ஒரு செய்தி. எங்கள் ஷேரிங்கில் பாஸ்வேர்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்றே வருடக்கணக்காக இருந்தது. 24எச்2 ப்ரோவில் பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் நுழைவு இயல்பாகவே அடைபட்டிருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றித் திறந்துவிடலாம், அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் செய்யவில்லை. பூட்டாத ஷேர் ஃபோல்டர் இருந்தால், ஒரு சிஸ்டத்தில் நுழைந்த கிருமிக்கு மற்ற எல்லாவற்றுக்கும் வழி கிடைத்துவிடும். விண்டோஸ் 7 பெட்டியில் பாஸ்வேர்டுடன் ஒரு பயனரை உருவாக்கி, ஃபோல்டருக்கு அவருக்கு மட்டும் அனுமதி கொடுத்து, மற்ற சிஸ்டங்களில் அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு முறை சேமித்துவைத்தேன். இருபது நிமிட வேலை. அந்தப் பெட்டிக்கு 2020 ஜனவரியிலேயே அப்டேட் நின்றுவிட்டது, ஆகவே அதற்கு இணையம் போகாதபடி ரௌட்டரில் அடைத்துவிட்டேன்.

கணக்கு சிஸ்டத்தில் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டதால் புதிதாகவே விண்டோஸ் போட்டேன். கணக்கு மென்பொருளான டேலியின் உரிமத்தை முதலிலேயே சரண்டர் செய்துவைத்தது நல்லதாகப் போயிற்று. பில் அடிக்கும்போதுதான் பிரச்சினை. 10 அங்குல அகலம், 6 அங்குல உயரமுள்ள தொடர்தாளில் ஒரு பில்லுக்கு அப்புறம் அரைத் தாள் காலியாக ஓடியது. அந்த அளவை யாரோ பல வருடம் முன்பு பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்டீஸில் ஒரு தனி ஃபார்மாக உருவாக்கியிருக்கிறார்கள், பழைய டிஸ்கோடு அது போய்விட்டது. மறுபடி உருவாக்கினேன். அளவை ஸ்கேலில் அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, எங்கும் எழுதிவைக்கவில்லை.

அதே சிஸ்டத்தில் அண்ணாச்சியின் கொட்டேஷன் கடிதங்கள் எல்லாம் ஒரு பக்கத்திலிருந்து ஒன்றேகால் பக்கமாயின. அவை லதா எழுத்துருவில் அடித்தவை. விண்டோஸ் 10லிருந்தே லதாவும் விஜயாவும் கூடவே வருவதில்லை, நிர்மலா மட்டுமே வருகிறது. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் போய்த் தமிழ் துணை எழுத்துருக்கள் என்பதைச் சேர்த்தால் இரண்டும் வந்துவிடும். சேர்த்தேன், கடிதம் ஒரு பக்கத்துக்குள் வந்தது.

வரவேற்பு சிஸ்டத்தில் என்னதான் வேலை, அதில் ஏற்கெனவே 11 இருக்கிறதே என்று நினைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம், எல்லா சிஸ்டத்துக்கும் ஒரு முழு இமேஜ், அதாவது டிஸ்கின் முழு நகல், எடுத்து வைக்கலாம் என்று, என் பென் டிரைவிலிருந்து எழுப்புவதற்காக அதில் செக்யூர் பூட்டை அணைத்தேன். அடுத்த முறை எழுந்தபோது டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் நீலத் திரையில் மீட்புச் சாவி கேட்டது, 48 இலக்கம். அந்த சிஸ்டத்தை ஜூன் மாதம் வாங்கியபோது அண்ணாச்சியின் மகன் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைத்துக் கொடுத்திருக்கிறான். அப்படி உள்நுழைந்ததும் டிஸ்க் தானாகவே பூட்டாக்கம் ஆகி, சாவி அவன் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. அது பூட்டியிருக்கிறது என்றே எங்கள் யாருக்கும் தெரியாது. அவன் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறான். போன் போட்டு, அவன் தன் கணக்கைத் திறந்து, ஆறு ஆறு இலக்கமாக எட்டு முறை வாசிக்க, நான் அடித்தேன். திறந்தது. செக்யூர் பூட்டைத் திரும்பப் போட்டேன். அந்த 48 இலக்கத்தைத் தாளில் எழுதி, சரியா என்று மறுபடி ஒருமுறை அவனை வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்து, அண்ணாச்சியின் இரும்புப் பெட்டியில் வைத்தோம். அவன் போனை எடுக்காமல் இருந்திருந்தாலோ, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மறந்திருந்தாலோ, அதில் இருந்த நான்கு மாத ஆர்டர் விவரங்கள் போயிருக்கும். புது சிஸ்டம் யார் கணக்கில் அமைக்கப்பட்டிருக்கிறது, சாவி எங்கே இருக்கிறது என்று வாங்கிய அன்றே கேட்டுவையுங்கள்.

பணிப்பட்டை நடுவுக்கு வந்ததையும், வலது கிளிக்கில் பாதி விஷயங்கள் மேலும் விருப்பங்கள் என்பதன் பின்னால் போனதையும் பற்றி நிறையப் பேர் புலம்புகிறார்கள். பட்டையை இடப்பக்கம் தள்ளி, பெயரோடு தனித்தனியாகக் காட்டும்படி மாற்றிக் கொடுத்தேன், அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. டிசைனர் தம்பி பட்டையைத் திரையின் பக்கவாட்டில் செங்குத்தாக வைத்துப் பழகியவன், எங்கள் பதிப்பில் அந்த வசதி இல்லை. அவன் இன்னும் வருத்தப்படுகிறான்.

ஐந்தாம் தேதி ஞாயிறு இரவு எல்லாம் ஓடியது. அக்காவின் பழைய 32-பிட் சிஸ்டத்தை விற்கவில்லை. நெட்வொர்க் வயரை உருவிவிட்டு மூலையில் வைத்திருக்கிறோம், சந்தேகம் வந்தால் பழைய ஃபைலை அதில் திறந்து ஒப்பிட. அதன் டிஸ்கை டிஸ்க்2விஎச்டி கருவியால் ஒரே ஃபைலாக எடுத்து, வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டில் வைத்திருக்கிறேன்.

இப்போது அக்காவும் நானும் ஒரு நோட்டு போட்டு வருகிறோம். இடப்பக்கம் ஓர் எழுத்துருவின் பெயர், ஃபைலின் அளவு, தேதி. வலப்பக்கம் அதே எழுத்துருவில் 256 இடங்களிலும் என்னென்ன இருக்கின்றன என்று பிரிண்ட் எடுத்து ஒட்டிய தாள். ஷ், ஸ், ஜ், ஹ், க்ஷ், ஸ்ரீ ஆறையும் அக்கா சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுவார். சாயங்காலம் டீக்கு அப்புறம் தினம் ஒன்று என்று கணக்கு, ஆர்டர் நெருக்கும் நாளில் அதுவும் நடக்காது. 41ல் இதுவரை 12 முடிந்திருக்கிறது.